மணிமொழி அடைத்த ஓட்டை

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலைக்கு வந்து மணிமொழி வீடு எது என்று கேட்டால், "லாரி நிக்குமே, அந்த வீடா? சத்தம் கேக்குமே, அந்த வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே வீடுதான். லாரி லோடுக்குப் போயிருக்கும் நாட்களில் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மணிமொழி ஆள் குள்ளம், நடை வேகம், வாய் அதைவிட வேகம். படிப்பு பத்தாவது, அதிலும் கணக்கில் தகராறு. பிறக்கும்போதே வாங்கி வந்த வரம் ஒன்று அவளுக்கு உண்டு. திறந்து கிடக்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எண்ணெய் ஜாடி, தண்ணீர்க் குடம், எலி வளை, வேலியில் நாய் நுழையும் சந்து, எதில் வாய் தெரிந்தாலும் ஒரு மூடியோ துணியோ செங்கல்லோ கொண்டுவந்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. குளியலறைச் சுவரில் காற்றுக்காகக் கொத்தனார் விட்டிருந்த ஓட்டையைப் பல்லி வருகிறது என்று அடைத்தாள். அன்றிலிருந்து அங்கே குளிக்கிறவர்கள் இட்லி மாதிரி வெந்துதான் வெளியே வருகிறார்கள்.

அவள் அடைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, அது அவள் வாய் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னது அவளேதான். மற்றவர்கள் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் ரோஷம் கம்மியாகத்தான் வரும் என்பது அவள் எண்ணம்.

அடைப்பதற்கு அடுத்தபடி அவளுக்குக் கைவந்தது திணிப்பது. புருஷன் லோடுக்குப் போகும்போது டிபன் டப்பாவில் சோற்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, இன்னும் ஒரு கரண்டி வைத்து, மறுபடி அழுத்தி, மூடியின் மேல் முழங்கையை ஊன்றி மூடிக் கொடுப்பாள். அதைத் திறப்பதற்கு பரசுராமன் டூல்ஸ் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுப்பது வழக்கம்.

பரசுராமன்தான் அந்தப் புருஷன். லாரிக்குச் சொந்தக்காரரும் அவர், டிரைவரும் அவர். கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். அவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். ஆனால் அந்த ஒன்று பத்துக்கும் சேர்த்துப் பதிலாக இருக்கும். ஒரு நாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வராததிலிருந்து தொடங்கி, அவருடைய தங்கை கல்யாணத்தில் தனக்கு எடுத்த புடவை வரைக்கும் அவள் பேசி முடித்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்டார்: "முடிஞ்சிதா, இல்ல நாஷ்டா துன்னுட்டு வந்து மிச்சத்த கேக்கணுமா?" மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். போனது சிரிப்பதற்கு. அவருக்குத் தெரியும்படி சிரித்தால் அவள் மணிமொழி இல்லை.

லாரியைப் பழசாகத்தான் வாங்கினார்கள். ஆனால் டர்போ வண்டி. வாங்கி வந்த அன்றைக்கு பரசுராமன் வழக்கத்துக்கு மாறாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார். "டர்போமே இது. காத்த உள்ள திணிச்சித் திணிச்சி எரிக்கும். ஏத்தத்துல கூட மூச்சு வாங்காது."

திணிக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் மணிமொழிக்கு வண்டியின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. காரணம், வண்டியின் இடதுபக்கம் எஞ்சினுக்குக் கீழே தொங்கிய ஒரு கறுப்பு ரப்பர் குழாய்.

அந்தக் குழாயின் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினால் குழாய் சரியாக அவள் கோலம் போடும் இடத்துக்கு மேலே வந்து நிற்கும். விடிந்ததும் வாசலைக் கழுவி, புள்ளி வைத்து, இழை இழுத்து நிமிர்ந்தால், நடுப்புள்ளியில் சொட்டென்று ஒரு கறுப்பு. கோலமாவு எண்ணெயைக் குடித்துக் கரிச்சட்டி போல ஆகிவிடும்.

"இது இன்னா கொழாய்ங்க?" என்று அப்போதே கேட்டாள்.

"ப்ரீதரு. எஞ்சின் மூச்சு வுடற கொழா."

"மூச்சு வுட்டா மூக்கும் ஒழுவுமா? சளி புடிச்ச எஞ்சின வாங்கியாந்து என் வாசல்ல கட்டி வெச்சிகிறீங்க."

கீழே கொட்டாங்குச்சி வைத்துப் பார்த்தாள். நாய் உருட்டிவிட்டது. பெயிண்ட் டப்பா வைத்தாள். அதை மறந்து அவளே எட்டி உதைத்துக்கொண்டாள், எண்ணெய் படி வரைக்கும் ஓடியது. நாய்க்கு விழவேண்டிய திட்டெல்லாம் அன்றைக்கு டப்பாவுக்கு விழுந்தது.

இப்படி இருக்கும்போது கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், லாரியை எந்தப் பக்கமும் விட மாட்டார்கள். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில்தான் வீடு என்பதால், பரசுராமன் முன்கூட்டியே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். கூட்டம் கலையும் வரை வண்டிக்கு ஓய்வு, சொட்டுக்கு ஓய்வில்லை.

தீபத்தன்று வாசலில் பெரிய கோலம் போட்டு, அதன் மேல் அகல் வரிசை வைப்பது மணிமொழியின் வழக்கம். மலை மேல் தீபம் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கோலத்தைத்தான். அன்றைக்குக் காலையில் நடுப்புள்ளியில் கறுப்பைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வரவில்லை, ஒரு தெளிவு வந்தது. இத்தனை நாள் சொட்டைப் பிடிக்கத்தானே பார்த்தோம், சொட்டுகிற வாயை ஏன் விட்டுவைத்தோம்?

உள்ளே போனாள். பால் கவர் இரண்டை எடுத்துக் கழுவி, ஒன்றன் மேல் ஒன்றாகக் குழாய் நுனியில் மாட்டினாள். அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி இழுத்து இழுத்துச் சுற்றினாள். அதற்கும் மேலே பச்சைப் புடவை ஒன்றைக் கிழித்து, மூட்டை கட்டும் முடிச்சாகப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினாள். அந்தப் புடவை முதல் சலவையிலேயே சாயம் போனது. அதற்காக அவள் கடைக்காரரிடம் போட்ட சண்டை தேரடித் தெரு முழுக்கக் கேட்டது. கடைசியில் அந்தப் புடவையும் ஒரு காரியத்துக்கு உதவிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

சொட்டு நின்றது. கோலம் வெள்ளையாக இருந்தது. அகல்கள் எரிந்தன. வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். தன் கைவேலையைப் புருஷனிடம் சொல்லிப் பாராட்டு வாங்கவேண்டும் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் யாரோ காப்பி கேட்டார்கள். அப்புறம் அடியோடு மறந்தே போனாள். அவிழ்க்க மறந்தாள் என்று சொல்ல முடியாது. அடைத்ததை அவிழ்ப்பது அவள் வழக்கத்திலேயே இல்லை.

கூட்டம் வடிந்ததும் பரசுராமன் கீழ்பென்னாத்தூர் போய் அரிசி ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். செஞ்சி போவதற்குள் போன் வந்தது.

"வண்டி நின்னுட்டுதுமே."

"டீசல் போடலியா?"

"ஆயில் அளவு பாக்கற கேஜ் கம்பி தானா துள்ளி வெளிய வந்துட்டுது. எஞ்சின் மேலெல்லாம் ஆயில் குளிச்சிகினு கீது. சைலன்சர்ல கொசு மருந்து அடிக்கிற மாதிரி நீலமா பொகை." அவ்வளவு நீளமாக அவர் பேசியதைக் கேட்டதுமே விஷயம் பெரிசு என்று மணிமொழிக்குப் புரிந்துவிட்டது.

அரிசியை வேறு லாரிக்கு மாற்றிவிட்டு, இந்த லாரியைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். மெக்கானிக் தசரதன் வந்தான். பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருப்பவன், பரசுராமனை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுபவன். குறைந்த ஆயிலுக்கு ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் செத்த வீட்டுக்கு வந்தவன் முகமாக ஆகிவிட்டது.

"பேக் கம்ப்ரஷன் ஜாஸ்திண்ணே. மேல வெடிக்கிற காத்து பிஸ்டன் ஓரமா கீழ எறங்கிகினு கீது. ரிங்கு தேஞ்சி போச்சி. டர்போவும் ஆயில் தள்ளுது. எஞ்சின எறக்கிடணும்."

"எறக்கிட்டு?" என்று மணிமொழி கேட்டாள்.

"எறக்கி, பிரிச்சி, லைனரு, பிஸ்டனு, டர்போ எல்லாம் மாத்தி ஏத்தணும் அண்ணி."

"அப்ப ஹாரன் மட்டும் பழசு. அதுக்குப் புது வண்டியே வாங்கிடலாமே."

இந்தப் பேச்சுக்கு பரசுராமன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் பேச்சு நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்ப்பதற்காகவே அவள் ரசத்தில் உப்பே போடவில்லை. அதையும் குடித்துவிட்டுக் கை கழுவினார். அன்றைக்குத்தான் இது ஏதோ வியாதி என்று மணிமொழி முடிவுகட்டினாள்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் திட்டுவது ஒன்றுதான். ஆயில் விற்ற கடைக்காரரைப் போனில் திட்டினாள், கலப்படம் பண்ணியதாக. டீசல் பங்க்கைத் திட்டினாள். வண்டியை விற்ற ஆளின் வம்சத்தைத் திட்டினாள். தசரதனை நேரிலேயே கேட்டாள்: "போன மாசம் சர்வீஸ் பண்றேன்னு வந்து டீய குடிச்சிட்டுப் போனியே, இதெல்லாம் பாக்க மாட்டியா?" எதிர்வீட்டு வேதாவின் கண் திருஷ்டிதான் காரணம் என்று அவள் காதுபடவே சொன்னாள். திருஷ்டி கழிய எலுமிச்சையும் மிளகாயும் கோத்து வண்டியின் முன்னால் கட்டப் போனாள். குனிந்து கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அரைச் சாண் தள்ளிப் பச்சைத் துணி முடிச்சு ஒன்று கண்ணில் படத்தான் செய்தது. அதற்குள் அது எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. லாரியில் துணி சுற்றாத குழாய் எது? எவனோ கட்டியிருக்கிறான், கட்டத் தெரியாத பயல் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அந்த வாரம் பரசுராமன் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னார். "வண்டிய குடுத்துடலாம்னு கீறன். டவுன்ல லாட்ஜுக்கு வாட்ச்மேன் கேக்கறாங்க."

மணிமொழி அந்த உத்தியோகத்தைக் கேலி பண்ணலாம் என்று வாயெடுத்து விட்டுவிட்டாள். லாட்ஜ் வாசலில் முக்காலி போட்டு, வருகிறவன் போகிறவனுக்கு எழுந்து நின்று, இப்படியே பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷனை நினைத்துப் பார்த்தாள். அவர் வண்டி ஓட்டிவிட்டு வந்து இறங்கும்போதுதான் அவருக்குக் குரலே வரும். வண்டியில்லாமல் அவரிடம் பத்துக்கு ஒன்று எப்படி வரும்? தனியாகப் பத்தும் பேசுவது அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் யாருக்காகப் பேசுவது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து லாரி புரோக்கர் அறிவுச்செல்வன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. லாரி வாங்கி விற்கிறவர் எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கிறார் என்று மணிமொழிக்குச் சந்தேகம் வந்தது. தசரதனையும் வரச்சொல்லியிருந்தார்கள். விலை பேசி முடிந்தால் வெற்றிலைத் தட்டில் வைத்து அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. தட்டைக் கழுவி எடுத்து வா என்று சொல்லியிருந்தார் பரசுராமன். அவள் அந்தத் தட்டை அன்றைக்கு ஐந்தாறு தரம் கழுவினாள். எடுத்து வரத்தான் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுண்ணே," என்றார் அறிவுச்செல்வன். எஞ்சின் ஓடியது. அவர் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, திறந்த வாயின் மேல் சும்மா வைத்தார். "மூடி ஆடாம ஒக்காந்தா எஞ்சின் கல்லு. ஆடிச்சின்னா கொஞ்சம் தேய்மானம். குதிச்சிதுன்னா..."

குதித்தது. குதித்ததோடு நிற்கவில்லை, அவர் காதை உரசிக்கொண்டு போய் மணிமொழியின் துளசி மாடத்தில் விழுந்தது. பின்னாலேயே எண்ணெய் பீய்ச்சியடித்து வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து தொப்பை வரைக்கும் ஒரு கோலம் போட்டது.

எஞ்சினை நிறுத்தினார்கள். அறிவுச்செல்வன் சட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இது ஓடற வண்டி வெல இல்லண்ணே. எடைக்குப் போடற வெலதான்."

பரசுராமன் தலையை ஆட்டினார். "சரிப்பா," என்றார்.

மணிமொழிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சரி? இரும்பு வெலைக்குக் குடுக்கறதுக்கு இது இன்னா பேரீச்சம்பழத்துக்குப் போடற பழைய குண்டானா? தபாரு புரோக்கரே, மூடி குதிச்சா எஞ்சின் போச்சின்னு எந்த சட்டத்துல கீது? என் இட்லிப்பானை மூடி கூடத்தான் குதிக்குது. அத எடைக்குப் போட்டுட்டா நாஷ்டாவுக்கு நீ வந்து இட்லி ஊத்துவியா?"

"அம்மா, இட்லிப்பானைல பிஸ்டன் இல்லம்மா," என்றார் அறிவுச்செல்வன். பொறுமையான ஆள். "ப்ரீதர்ல எவ்ளோ பொகை வந்துது? அத பாத்தியா மெக்கானிக்கே?"

தசரதன் யோசித்தான். "ப்ரீதர்லியா? அதுல ஒண்ணும் வரலியே."

"மூடி இந்தக் குதி குதிக்குது, ப்ரீதர்ல பொகை வரலியா?" அறிவுச்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இனிமேல் அழுக்காக என்ன மிச்சம் என்பது போல வண்டிக்கு அடியில் குனிந்தார்.  பிறகு அவர் குரல் கீழேயிருந்து வந்தது. "இன்னாண்ணே இது? கொழாய்க்குப் பொடவை கட்டி வுட்டிருக்கீங்க."

தசரதனும் குனிந்தான். கையை நீட்டி முடிச்சைப் பிடித்துப் பார்த்தான். எண்ணெய் குடிக்காத ஓரத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு வேதா வந்து நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கண் நல்ல கூர்மை. "அக்கா," என்றாள், "இது உன் சாயம் போன பச்ச பொடவை இல்ல?"

தீபத்தன்று பல்லால் கடித்து இறுக்கியது மணிமொழிக்கு அப்போதுதான் நினைவில் வந்தது. ஆயில் கடைக்காரர், டீசல் பங்க், வண்டி விற்றவன் வம்சம், தசரதன் குடித்த டீ எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. கட்டத் தெரியாத பயல் என்று தானே தன்னைத் திட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. வரிசையில் கடைசியாக வேதா நின்றாள். அவள் மட்டும் நினைவில் இல்லை, நிஜமாகவே எதிரில்.

"நான்தான் கட்டுனேன்," என்றாள் மணிமொழி. "கோலம் பாழாவுதுன்னு தீபத்துக்குக் கட்டுனேன்."

 தசரதன் கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தான். அது அவ்வளவு சுலபத்தில் அறுபடவில்லை, கட்டினது அவள் ஆயிற்றே. புடவை போய், டியூப் போய், பால் கவரையும் கிழித்தான். குழாயிலிருந்து தேங்கிய எண்ணெய் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுண்ணே," என்றான்.

குழாயிலிருந்து லேசாகப் புகை வந்தது, சாம்பிராணி அணையும்போது வருமே அந்த அளவு. வேதா துளசி மாடத்திலிருந்து மூடியைத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். அறிவுச்செல்வன் அதை மறுபடி தலைகீழாக வைத்தார். மூடி கொஞ்சம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

தசரதன் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "எந்த எஞ்சினுக்கும் கொஞ்சம் காத்து பிஸ்டன் ஓரமா கீழ எறங்கும் அண்ணி. இது டர்போ, மேல காத்த திணிக்குது, அதனால இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி எறங்கும். அது வெளிய போறதுக்குத்தான் இந்த ஒரு கொழாய். நீங்க அத அடைச்சிட்டீங்க. காத்து சும்மா இருக்குமா? ஆயில இஸ்துகினு கேஜ் வழியா, பேக்கிங் வழியா வருது. டர்போக்குப் போன ஆயிலு கீழ திரும்ப முடியாம சைலன்சர்ல போவுது. நான் ஒருத்தன், மேல பாத்துட்டு ரிங்கு போச்சின்னு சொல்லிட்டேன்."

"குனிஞ்சி பாக்கலியா நீயி?" என்று கேட்க மணிமொழிக்கு நாக்கு துடித்தது. கேட்கிற யோக்கியதை இன்றைக்கு இல்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேதா மட்டும் விடுவதாக இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் குக்கர் அடைத்துக்கொண்டு பருப்பு மொத்தமும் கூரையில் ஒட்டியது. அன்றைக்கு மணிமொழி போய் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாள். இப்போது வேதா அதே குரலில், அதே இடுப்பில் வைத்த கையோடு சொன்னாள்: "ஓட்டைய ஊதிப் பாக்காம எவளாச்சும் குக்கர் வெப்பாளாடி? ஆவி போவ வழி வாணாமா? இதுகூட தெரியாம இன்னா குடும்பம் பண்ற?"

வார்த்தை மாறவில்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று மணிமொழிக்குத் தோன்றியது.

பரசுராமன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த பச்சைத் துணியை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமொழி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை, அந்த மனுஷன் எதையாவது சொல்லித் தொலைத்தால் போதும் என்று நின்றாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து," என்று அவர் நிதானமாக ஆரம்பித்தார், "என் வாயதான் நீ அடைச்சிகினு கீறன்னு நெனச்சேன். எஞ்சினுது வேற பாக்கி இருந்துதா ஒனக்கு?"

தசரதன் சிரித்தான். வேதா சிரித்தாள். அறிவுச்செல்வன் எண்ணெய் வழிய வழியச் சிரித்தார். மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். சிரிக்கத்தான் போனாள். ஆனால் அடுப்படியில் நின்றபோது சிரிப்போடு வேறு ஏதோவும் சேர்ந்து வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கழுவிக் கழுவிப் பளபளத்த வெற்றிலைத் தட்டை எடுத்துப் பரணில் தூக்கிப் போட்டாள்.

வெளியே அறிவுச்செல்வன், "அப்ப வெலைய வேற மாதிரி பேசலாம்ணே," என்று தொடங்குவது கேட்டது.

"வண்டி விக்கறதுக்கு இல்லப்பா," என்றார் பரசுராமன்.

வந்தவரை அப்படியே அனுப்ப முடியாது. சட்டையைத் துடைத்துக்கொள்ள ஒரு துணி கொண்டுபோய்க் கொடுத்தாள் மணிமொழி. கொடுத்த பிறகுதான் பார்த்தாள், அது பச்சைப் புடவையின் மிச்சம். அவர் துடைக்கத் துடைக்க, வெள்ளைச் சட்டையில் கறுப்போடு பச்சையும் ஏறியது. சாயம் இன்னும் முழுக்கப் போகவில்லை போலிருக்கிறது.

எஞ்சினை இறக்கவில்லை. பிதுங்கியிருந்த பேக்கிங்குகளையும் ஆயில் சீல்களையும் தசரதன் அங்கேயே மாற்றினான். டர்போவைப் பிரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மறுபடி மாட்டினான். வேலை முடிந்ததும் சொட்டுப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது.

"கொழாய் நுனில ஒரு பாட்டில் கட்டி வுட்டுடலாமா அண்ணி?" என்றான்.

"பாட்டிலுக்கு வேற ஓட்டை எங்க கீது? காத்து எங்க போவும்?" என்றாள் மணிமொழி. தசரதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இப்டி பாக்காத. பட்டதுக்கு அப்பால புத்தி வந்துட்டுது."

உள்ளே போய் ஒரு பழைய எவர்சில்வர் தூக்கும், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கொண்டு வந்தாள். காற்று கம்பி நார் வழியாகப் போனால் எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும், வெறும் காற்று மேலே போய்விடும் என்பது அவள் யோசனை. தாளிக்கிற புகையில் சமையலறை ஜன்னல் கம்பி வலையில் எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டுவதைத் தினமும் தேய்க்கிறவளுக்கு இது பெரிய கண்டுபிடிப்பில்லை. கம்பெனிக்காரர்களே அப்படித்தான் ஒன்று செய்து விற்கிறார்கள் என்று தசரதன் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தசரதன் தூக்கின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டான். ஒன்றில் ப்ரீதர் குழாய் உள்ளே வரும், இன்னொன்றில் காற்று வெளியே போகும். நாரைத் திணிக்கும் வேலையை மணிமொழி எடுத்துக்கொண்டாள். ஒன்று வைத்து அழுத்தினாள், இன்னொன்று வைத்து அழுத்தினாள், மொத்தம் ஒரு டஜன் போனதும் மூடியின் மேல் முழங்கையை ஊன்றி மூடிக் கொடுத்தாள். வண்டியில் மாட்டி ஓடவிட்டதும், தலைகீழாக வைத்துப் பார்த்த ஆயில் மூடி மறுபடி டிங்கென்று குதித்தது.

"அண்ணி," என்றான் தசரதன். "அண்ணனுக்கு சோறு கட்டலிங்க நீங்க."

முக்கால்வாசி நாரைப் பிடுங்கி எடுத்தார்கள். மூடி குதிப்பதை நிறுத்தியது. மறுநாள் விடிந்ததும் கோலத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. வேதா வந்து பார்த்துவிட்டு, "தூக்குல இன்னாக்கா, சாம்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வாரம் ஒரு தரம் தூக்கைத் திறந்தால் மோரும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு குழம்பு இருக்கும். அதைக் கொட்டிக் கழுவி வைப்பது அவள் வேலை. ஆயில் கடைக்காரருக்குப் போன் பண்ணிச் சமாதானம் சொல்வதும் அவள் வேலையாகத்தான் இருந்தது. அதை மட்டும் இன்னும் செய்தபாடில்லை. எதிரில் பார்த்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

பரசுராமன் லோடுக்குக் கிளம்பிய அன்று டிபன் டப்பாவை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "இதுக்கும் ஒரு ப்ரீதர் வெச்சிக் குடுமே. செஞ்சி கிட்ட வெடிச்சிடப் போவுது."

"ஆமா, சொல்லுவீங்க. அன்னிக்கு உப்பே இல்லாத ரசத்த குடிச்ச வாயிதான இது? அப்ப எங்க போச்சாம் இந்தப் பேச்சி?"

"ஓ, உப்பு இல்லியா அதுல? நான் ஒன் சமையல் நல்லாயிட்டுதுன்னு நெனச்சேன்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் வாசலில் நின்று திட்டினாள். தெரு கொஞ்ச நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. இரண்டு வீட்டு ஜன்னல் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் வண்டி வந்து நின்றது. விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போன மணிமொழி, பின்பக்கம் வேறொரு இடத்தில் ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்தாள். குனிந்து கீழே பார்த்தாள். கியர் பாக்ஸ் பக்கம் மேலே சின்னதாக ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஈரம். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு துணியை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு தசரதனுக்குப் போன் போட்டாள்.

"தசரதா, கியர் பாக்ஸ் மேல சின்னதா ஒரு ஓட்டை கீதே. அது இன்னாத்துக்கு?"

அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஒரு கொட்டாவி கேட்டது. பாதியில் நின்றது.

"அதுவும் மூச்சு வுடற ஓட்டைதான் அண்ணி," என்றான் தசரதன். "மொதல்ல கையில கீற துணிய கீழ வைங்க."